கழுத்துக் கத்தியை உங்களுக்கேற்றபடி மாற்றிக்கொள்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கழுத்துக் கத்தி என்பது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கத்தி. மடக்குக் கத்தி இல்லை. அலகும் பிடியும் ஒரே இரும்புத் துண்டு. உறைக்குள் தலைகீழாகச் செருகி, பிடி கீழே பார்த்தபடி நெஞ்சுக்கு நடுவில் தொங்கும். அலகு பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் இருக்கும். கயிறு அறுக்க, பெட்டி பிரிக்க, முகாம் போட்ட இடத்தில் குச்சி சீவ, மீன் சுத்தம் செய்ய என்று சின்னச் சின்ன வேலைகளுக்கான கத்தி இது. பையைத் திறந்து துழாவ வேண்டாம், பாக்கெட்டும் கனக்காது, கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனால் போதும். இந்த ஒரு வசதிக்காகத்தான் இதை மாட்டிக்கொள்கிறோம். இதில் எதை மாற்றினாலும் அந்த வசதி கூட வேண்டும், குறையக் கூடாது.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துவிடுங்கள். நிலையான அலகுள்ள கத்தியை வெளியில் எடுத்துப் போவது பற்றி ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பல இடங்களில் சட்டைக்குள் மறைவாகத் தொங்குவதும் வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்று கிடையாது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைப் படித்துவிட்டுத்தான் கழுத்தில் மாட்டுவதா, இடுப்பில் மாட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் வாங்க வேண்டிய சாமான்களே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

முதல் இரண்டு வாரம் கயிற்றைத் தவிர எதையும் மாற்றாதீர்கள்

கத்தி கைக்கு வந்ததும் பிடித் தகடு (பிடியின் இரண்டு பக்கமும் திருகி மாட்டும் தகடு), கிளிப், கயிற்றில் கோக்கும் மணி, புதுக் கயிறு என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் போடத் தோன்றும். நானும் முதல் கத்திக்கு அப்படித்தான் செய்தேன். ஒரே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். மறுநாள் உறையிலிருந்து கத்தி வரவில்லை, மாலைக்குள் கழுத்தும் வலித்தது, எந்த மாற்றத்தால் எது கெட்டது என்று தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதாயிற்று. அதனால், கயிறு இழுத்தால் கழலாத வகையாக இருந்தால் அதை மட்டும் முதலில் மாற்றிவிட்டு, மற்றதை இரண்டு வாரம் வந்தது வந்தபடியே பயன்படுத்துங்கள். பிடி கையை அறுக்கிறதா, குனியும்போது ஆடி எதிலாவது இடிக்கிறதா, உறைக்குள் கலகலவென்று சத்தம் வருகிறதா, வியர்வையில் துருப்புள்ளி விழுகிறதா என்று கவனித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்களுக்கு என்ன சாமான் வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் பழகி, அதன் பிறகு அடுத்ததுக்குப் போகலாம்.

மூன்று இழுவைகள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஓடினாலும் குதித்தாலும் கத்தி உறையை விட்டு விழக் கூடாது. அதைவிடக் கொஞ்சம் பலமாக, வேண்டுமென்றே இழுத்தால் கத்தி வெளியே வர வேண்டும். அதையும் விடப் பலமாக எதுவோ இழுத்தால் கயிறு கழுத்தை விட்டுக் கழன்றுவிட வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. உறை ரொம்ப இறுக்கமாக இருந்து கயிறு சீக்கிரம் கழன்றால், கத்தியை உருவும்போது உறையும் கயிறும் சேர்ந்து கையோடு வந்துவிடும். கயிறு கழலவே கழலாது என்றால் அது கழுத்தில் கிடக்கும் சுருக்குக் கயிறு.

முதல் வேலை: கயிறு

பல கத்திகளோடு பாராகார்ட் கயிறு வரும். 550 என்று பெயரோடு சேர்த்துச் சொல்வார்களே, அந்த எண் அது தாங்கும் எடை, பவுண்டில். ஏறக்குறைய 250 கிலோ. பாராசூட்டுக்காகச் செய்யப்பட்ட கயிறு அது, உள்ளே வழக்கமாக ஏழு இழை ஓடும். ஆள் முழுசாகத் தொங்கினாலும் அறாது. கூடாரம் கட்ட அருமையான கயிறுதான், அதே பலம் கழுத்தில் ஆபத்து. ஒருமுறை புதருக்குள் குனிந்து போகும்போது முறிந்து நீட்டிக்கொண்டிருந்த கிளையில் என் கயிறு மாட்டியது, அதே நேரம் கால் சறுக்கியது. கிளை மக்கிப் போயிருந்ததால் ஒடிந்தது, நான் தப்பினேன். அன்று முதல் யார் கேட்டாலும் பிடித் தகட்டைப் பற்றிப் பேசும் முன் கயிற்றைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எளிய வழி பால் செயின், அதாவது குட்டி உலோக உருண்டைகள் கோத்த சங்கிலி. பலமாக இழுத்தால் இணைப்பில் கழன்றுவிடும், துடைத்தால் சுத்தமாகிவிடும். கழுத்து முடியைப் பிடித்து இழுப்பது அதன் தொல்லை. எனக்குப் பிடித்தது பாராகார்டோடு ஒரு பிரேக்அவே கிளிப் சேர்ப்பது. அலுவலக அடையாள அட்டைக் கயிறுகளில் கழுத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், இழுத்தால் பட்டென்று பிரியும், அதே வகைதான். கயிற்றை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் கிளிப்பின் இரண்டு பாதியில் நுழைத்து முடிச்சுப் போட்டு, முனைகளை லைட்டரால் உருக்கிவிடுங்கள். உருகிய நைலானை விரலால் அழுத்தாதீர்கள், தோலோடு ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தினால் போதும். கிளிப் பின்கழுத்தின் நடு எலும்பில் உட்கார்ந்தால் பையின் பட்டை பட்டு உறுத்தும், காதுக்குக் கீழாகச் சற்று ஒதுக்கி வையுங்கள். முன்பக்கம் வைக்காதீர்கள், சட்டைக்குள் சிக்கினால் பிரியாமல் போகலாம்.

இப்போது சோதனை. கிளிப்பைப் பூட்டி, கயிற்றைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, காலி உறையைப் பிடித்துச் சட்டென்று இழுங்கள். ஒரு கையால் இழுத்தாலே பிரிய வேண்டும். பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால் இன்னும் நல்லது, எத்தனை கிலோவில் பிரிகிறது என்று எண்ணாகவே தெரியும். எனக்குப் பழகிப்போன அளவு: கத்தி வெளிவர 2 கிலோவுக்குப் பக்கம், கிளிப் பிரிய 5 கிலோவுக்குப் பக்கம். நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. உருவும்போது நான்கு விரலால் பிடியைப் பற்றி, கட்டைவிரலால் உறையின் விளிம்பை எதிர்த்திசையில் தள்ளிப் பழகுங்கள். கத்தி சுலபமாக வரும், இழுவை கழுத்துக்கும் போகாது.

நீளத்துக்கு ஒரே விதி எல்லாருக்கும் சரிவராது. நிமிர்ந்து நின்றால் உறையின் கீழ்முனை நெஞ்செலும்பு முடியும் இடத்தை ஒட்டி இருக்கட்டும், அங்கிருந்து தொடங்கி ஏற்றி இறக்கிப் பாருங்கள். தொப்புள் வரை தொங்கவிட்டால் ஒவ்வொரு முறை குனியும்போதும் ஆடிப்போய் மேசையில் இடிக்கும்.

இரண்டாவது: உறை

இப்போது வரும் உறைகளில் பெரும்பாலானவை கைடெக்ஸ். அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த பிளாஸ்டிக் தகடு அது, சூடு காட்டினால் இளகும், ஆறினால் அதே வடிவத்தில் நின்றுவிடும். இந்தக் குணத்தால்தான் வீட்டிலேயே பிடிப்பைச் சரிசெய்ய முடிகிறது. உறைக்கு வழக்கமாக 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தகடு போடுவார்கள்.

முதலில் உறையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, தலைகீழாக வைத்துக் காயவிடுங்கள். கைடெக்ஸ் கத்தியைக் கீறுகிறது என்பார்கள், பெரும்பாலும் கீறுவது உள்ளே சேர்ந்த மண்ணும் தூசியும்தான். அலகின் முனை இருக்கும் பக்கம் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கத்தியை வெளியே எடுத்து வைத்துவிட்டு 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள், ஓரத்தில் எழும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

அடுத்து பிடிப்பு. கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து, கீழே மடித்த கம்பளி போட்டு, கால்களை நன்றாக விலக்கி வைத்துக்கொண்டு பலமாக உதறுங்கள். செருப்பில்லாமல் இதைச் செய்யாதீர்கள். விழுந்தால் தளர்வு. விழவில்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் சின்னத் தளர்வு.

இறுக்குவதற்கு ஹீட் கன், அதாவது கடும் சூடான காற்றை ஊதும் கருவி வேண்டும். தலைமுடி உலர்த்தி பெரும்பாலும் போதாது, ஏனென்றால் கைடெக்ஸ் நன்றாக வளைய ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் தேவை. அலகின் மேல் மெல்லிய மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டி உறைக்குள் போடுங்கள். டேப்பின் கனம் அளவுக்கு இடைவெளி கிடைக்கும், இறுக்கும்போது உறை அலகோடு ஒட்டாது. பிடி தொடங்கும் இடத்தில், விரல் வளைவுக்குப் பக்கத்தில் உறை சின்ன மேடாகக் கவ்வியிருக்கும், பிடிப்பு பெரும்பாலும் அங்கேதான். அந்த இடத்துக்கு மட்டும் சூடு காட்டுங்கள், ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். அழுத்தினால் லேசாக அமுங்குகிற பதம் வந்ததும் தோல் கையுறை போட்ட விரலால் அமுக்கி, ஆறும் வரை விடாதீர்கள். இதற்கு அரை நிமிடமாவது ஆகும். மேல்தளம் பளபளக்கத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், மூச்சுக்குக் கெடுதல், அதனால் சன்னலோரமாகவோ வெளியிலோதான் இந்த வேலை. ஒரே தடவையில் முழுசாக இறுக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் அமுக்கி, ஆறவிட்டு, உதறிப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி. தளர்த்தவும் இதே வழிதான், சூடாக்கி வாயை லேசாக அகட்ட வேண்டும்.

கைடெக்ஸ் 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே நெளியத் தொடங்கிவிடும் என்பதால் வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் உறையை வைத்துவிட்டுப் போகாதீர்கள், பாடுபட்டு வாங்கிய பிடிப்பு அங்கேயே போய்விடும்.

மூன்றாவது: பிடி

இங்கேதான் ஆசை அதிகமாகும், தப்பும் அதிகமாக நடக்கும். வேலை எதுவானாலும் தொடங்கும் முன் அலகின் கூர்ப்பக்கம் முழுக்க இரண்டு மடிப்பு டேப் ஒட்டுங்கள். திருகு முடுக்கும்போது கை வழுக்கி அறுத்துக்கொண்டவர்கள் நிறைய.

எடை குறைக்க நடுவில் வெட்டியெடுத்த வெற்று எலும்புக்கூடு மாதிரியான பிடியோடுதான் பல கழுத்துக் கத்திகள் வருகின்றன. ஐந்து நிமிட வேலைக்கு அது போதும். அரை மணி நேரம் மரம் சீவினால் உள்ளங்கையில் விளிம்பு பதியும். உங்கள் தாளில் அப்படிக் குறித்திருந்தால் மட்டும் பிடியை மாற்றுங்கள்.

மலிவான வழி பாராகார்ட் சுற்று. சின்னப் பிடிக்கு 2 மீட்டர் எடுத்தால் மிச்சம் வரும். உள் இழைகளை உருவி எடுத்துவிட்டால் கயிறு நாடா மாதிரித் தட்டையாகும், பிடி பருமனாகாது, உறையிலும் இடிக்காது. கயிற்றை நனைத்துப் பிழிந்து ஈரமாகவே சுற்றுங்கள், காயும்போது இறுகும். நடுப்பகுதியைப் பிடியின் அலகுப்பக்கம் வைத்து, இரண்டு முனையையும் எதிரெதிராகக் கொண்டுவந்து ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துக்கு ஒரு திருப்பு கொடுத்து, கடைசி ஓட்டையில் நுழைத்து முடிச்சிடுங்கள். முதல் முறை கோணலாகத்தான் வரும், அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள், மூன்றாவது தடவைக்குள் கை பழகிவிடும். ஒரு குறை உண்டு. கயிறு வியர்வையையும் மீன் ரத்தத்தையும் உறிஞ்சும், நாறும், அடியில் ஈரம் தங்கி இரும்பு துருவேறும். சமையலுக்கும் மீனுக்கும் கத்தியைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

அவர்களுக்குப் பிடித் தகடு. இதில் இரண்டு பொருள்தான் அதிகம் கிடைக்கும். ஜி-10 என்பது கண்ணாடி இழைத் துணியை எபாக்சிப் பிசினில் அடுக்கி அழுத்தியது. தண்ணீர் குடிக்காது, ரொம்ப உறுதி, சொரசொரப்பு அதிகமாக இருந்தால் வெறும் தோலையும் சட்டையையும் அரம் மாதிரித் தேய்க்கும். மைகார்ட்டா என்பது பருத்தி அல்லது லினன் துணியை ஃபீனாலிக் பிசினில் அடுக்கி அழுத்தியது. தொட்டால் கொஞ்சம் வெதுவெதுப்பாக, துணியின் சாயலோடு இருக்கும், கை படப் படக் கருத்து உங்களுக்கே உரிய ஒரு நிறத்துக்கு வரும். நெஞ்சில் தொங்குகிற கத்திக்கு என் ஓட்டு மைகார்ட்டாவுக்குத்தான்.

வாங்கும்போது கத்தியின் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. எசீ நிறுவனத்தின் இசுலா இந்த வகையில் பலருக்கும் தெரிந்த கத்தி, அலகு 2.63 அங்குலம், பெயர் தென் அமெரிக்காவின் புல்லட் எறும்பிலிருந்து வந்தது. அதிலேயே இசுலா, இசுலா-2 என்று இரண்டு உண்டு, இரண்டாவதின் பிடி ஏறக்குறைய அரை அங்குலம் கூடுதல் நீளம், ஒன்றின் தகடு இன்னொன்றுக்குச் சரியாக உட்காராது. வாங்கும் முன் ஓட்டைக்கு ஓட்டை இடைவெளியை அளந்து பாருங்கள். ஓட்டை பொருந்தவில்லை என்பதற்காகக் கத்தியின் இரும்பில் புது ஓட்டை போடப் பார்க்காதீர்கள். பதப்படுத்திய இரும்பு அது, சாதாரண துளை முனை மழுங்கிவிடும், கிளம்புகிற சூட்டில் இரும்பு நீலம் பூத்தால் அந்த இடத்தின் கடினம் போயிற்று என்று அர்த்தம்.

தகட்டை மாட்டுவது பத்து நிமிட வேலை. திருகுகளை முதலில் எல்லாம் பாதி வரை, அப்புறம் மாற்றி மாற்றி முழுக்க முடுக்குங்கள், ஒன்றையே முழுசாக இறுக்கினால் தகடு கோணும். தகட்டின் முன்விளிம்பு உறையின் வாயில் இடித்து, கத்தி முழுசாக உள்ளே போகாமல் தடுக்கிறதா என்று உடனே போட்டுப் பாருங்கள். இதைப் பார்க்காமல்தான் பலரும் உறை தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இடித்தால் முன்விளிம்பைத் தேய்க்க வேண்டும். கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை, முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டு, 220 உப்புத்தாளில் தொடங்கி 400-ல் முடியுங்கள்.

கிளிப்பும் மற்ற சாமான்களும்

இடுப்பிலும் மாட்ட நினைத்தால் கிளிப் வேண்டும். உறையின் ஓரத்தில் வளையம் அடித்த ஓட்டைகள் இருக்கும், நடுவிலிருந்து நடுவுக்கு அவற்றின் இடைவெளியை அளந்து, அதற்குப் பொருந்துகிற கிளிப்பை வாங்குங்கள். திருகு போடும்போது இடையில் ரப்பர் வாஷர் வைத்தால் ஆட்டம் இருக்காது, உறையும் நசுங்காது. திருகு கழலாமலிருக்க நீல நிற லாக்டைட், அதாவது திருகைப் பிடித்து நிறுத்தும் பசை, ஒரு சொட்டு போதும். அது சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் உண்டாக்கும் என்பதால் திருகின் மரையில் மட்டும் தடவி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

தீ மூட்டும் ஃபெர்ரோ குச்சியை (சுரண்டினால் தீப்பொறி பறக்கும் உலோகக் குச்சி) உறையோடு சேர்த்துக் கட்டுவது நல்ல யோசனை, கத்தியின் முதுகு அதற்கு ஒத்துழைத்தால். பொறி வர முதுகின் விளிம்பு உருண்டையாக இல்லாமல் செங்கோணமாக, நகத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்க வேண்டும். மேலே பூச்சு இருந்தால் ஒரு அங்குல நீளத்துக்கு மட்டும் வைரக்கல்லில் தேய்த்து எடுங்கள். கூர்ப்பக்கத்தால் குச்சியைச் சுரண்டாதீர்கள், கத்தி வீணாகும்.

பிடியின் வாலில் சின்னக் கயிறு ஒன்று கட்டினால் மூன்று விரல் பிடிக்கு நான்காவது விரலும் சேரும். 8 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். உலோக மணி, மண்டையோட்டு மணி எல்லாம் பார்க்க அழகு, நெஞ்சில் கனம்.

கனம் என்றதும் சொல்கிறேன், ஒவ்வொரு சாமானையும் சேர்த்த பிறகு சமையலறைத் தராசில் மொத்தத்தையும் வையுங்கள். வெற்று இசுலா கிட்டத்தட்ட 57 கிராம்தான். உறை, தகடு, குச்சி என்று சேர்த்து 120 கிராமைத் தாண்டினால் எனக்குச் சாயங்காலத்துக்குள் கழுத்தில் கனம் தெரிய ஆரம்பித்துவிடும், அப்போது எதையாவது எடுத்துவிடுவேன் அல்லது கத்தியை இடுப்புக்கு மாற்றிவிடுவேன்.

இரும்பும் வியர்வையும்

இசுலா மாதிரிக் கத்திகள் 1095 இரும்பில் செய்தவை, அதில் ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன். நன்றாகத் தீட்டலாம், எளிதில் துருவும் ஏறும். உடம்போடு ஒட்டித் தொங்குவதால் வியர்வையின் உப்பு நேராக இரும்பில் படும். பூச்சு போன இடங்களிலும் கூர்விளிம்பிலும்தான் முதலில் புள்ளி விழும். உணவுக்கு ஏற்ற மினரல் ஆயிலை வாரம் ஒருமுறை மெல்லிசாகத் தடவித் துடைத்தால் பெரும்பாலும் போதும். பூச்சில்லாத கார்பன் இரும்பை அரை மணி நேரம் வெதுவெதுப்பான வினிகரில் வைத்து எடுத்தால் சாம்பல் நிறப் படலம் ஒன்று உண்டாகி, துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். எடுத்ததும் சோடா உப்புக் கரைசலில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். துருவேறாத இரும்பென்றால் இந்த வேலையெல்லாம் குறைவு, ஆனாலும் உறைக்குள் ஈரத்தோடு போடாதீர்கள்.

எண்ணெய் தடவும் அதே நாளில் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், கயிறு உறையின் ஓட்டையில் உராய்ந்து பிசிறடிக்கிறதா பாருங்கள், பிரேக்அவே கிளிப்பை ஒருமுறை இழுத்துப் பிரித்துப் பூட்டுங்கள். பிரிந்து பிரிந்து அது தளர்ந்துபோகும். கத்தியை உருவும்போதே பிரிய ஆரம்பித்தால் புது கிளிப் வாங்கி, கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் கழுத்தில் போட வேண்டும்.